கோத்தகிரிப் பெண் வேண்டாம் என்று சொன்ன 2 கோடி



சினிமா ஷூட்டிங் என்பது நம் மலைக்குப் புதுசு இல்லை. 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை' படத்தை ஊட்டியிலும் கேத்தியிலும் எடுத்தார்கள். 1998-ல் வந்த இந்திப் படம் ஒன்றுக்காக நம்ம மலை ரயிலின் கூரை மேலேயே ஆட்டம் போட்டார்கள். கீழே இருந்து நடிகைகள் வருவார்கள், நம் தேயிலைத் தோட்டத்தில் பாட்டுக்கு ஆடுவார்கள், போய்விடுவார்கள். நாம் கூடையோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். சில படங்களில் கொழுந்து பறிக்கிற நம் கை மட்டும் ஒரு நொடி தெரியும். அவ்வளவுதான்!

ஆனால் இந்த மலையில் பிறந்த ஒரு பெண் கீழே போய், தமிழ், மலையாளம், தெலுங்கு என்று மூன்று மொழியிலும் பெரிய நடிகையாக ஆகியிருக்கிறார். யார் என்று சொல்லத் தேவையில்லை. சாய் பல்லவி!

'நமக்கும் நடிகைக்கும் என்ன சம்பந்தம்? சேமிப்பு, கடன் பத்தி எழுதாம சினிமாக் கதை எதுக்கு?' என்று சிலர் கேட்கலாம். கேளுங்கள், தப்பில்லை. இதுவும் ஒரு கணக்குப் பற்றிய கட்டுரைதான். கடைசி வரை படித்தால் புரியும்.

கோத்தகிரியில் இருந்து ஜார்ஜியா வரை

சாய் பல்லவி 1992-ஆம் ஆண்டு மே 9-ஆம் தேதி கோத்தகிரியில் பிறந்தவர். படுகர் சமூகத்துக் குடும்பம். வீட்டில் பேசுவது படுக மொழி. ஹெத்தை அம்மன் பண்டிகை நடக்கும் ஊர்களின் மண்ணைச் சேர்ந்தவர். படுகர் உடையில் குடும்பத்தோடு அவர் நிற்கும் படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். வளர்ந்ததும் பள்ளிக்கூடம் போனதும் கோயம்புத்தூரில்.

சின்ன வயசிலிருந்தே ஆட்டம் என்றால் உயிர். முறையாக வாத்தியார் வைத்துக் கற்றுக்கொண்டவர் இல்லை. டி.வி.யில் பார்த்து, தானே ஆடி ஆடிப் பழகியவர். 2008-ல் விஜய் டி.வி.யில் 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா' என்ற போட்டியில் கலந்துகொண்டார். அடுத்து தெலுங்கில் ஈ டி.வி. நடத்திய 'டீ' என்ற நடனப் போட்டியிலும் ஆடினார். சில படங்களில் கூட்டத்தில் ஒருவராக, சின்ன வேடத்தில் தலைகாட்டியதும் உண்டு.

ஆனால் அதோடு படிப்பை விட்டுவிடவில்லை. மருத்துவம் படிக்க ஜார்ஜியா நாட்டுக்குப் போனார். அந்த நாட்டின் தலைநகரான திபிலீசியில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான் மலையாள இயக்குநர் அல்போன்ஸ் புத்திரன் 'பிரேமம்' படத்துக்கு அழைத்தார். விடுமுறையில் வந்து நடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி வகுப்புக்குப் போனார். படம் 2015 மே மாதம் வெளிவந்தது. தமிழ் பேசுகிற கல்லூரி ஆசிரியை மலர் என்ற வேடம். அதன் பிறகு நடந்ததைச் சொல்லவே வேண்டாம். கேரளா முழுக்க 'மலர் டீச்சர்' என்றால் தெரியாத ஆள் இல்லை. சென்னையில் அந்த மலையாளப் படம் 200 நாளுக்கு மேல் ஓடியது.

இவ்வளவு பேர் வந்த பிறகும் 2016-ல் மருத்துவப் படிப்பை முடித்தார். வெளிநாட்டில் படித்தவர்கள் நம் நாட்டில் வைத்தியம் பார்ப்பதற்கு என்று ஒரு தகுதித் தேர்வு இருக்கிறது. 2020 ஆகஸ்டில் திருச்சியில் அந்தத் தேர்வை எழுத அவர் மற்ற மாணவர்களோடு வரிசையில் வந்து நின்றார். அப்போது அவர் பெரிய நடிகை! 'பொண்ணுக்கு ஒரு வேலை கிடைச்சாச்சு, இனி படிப்பு எதுக்கு' என்று பாதியில் நிறுத்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை இங்கே கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பரு இருந்த முகம்

'பிரேமம்' படத்தில் ஒரு விஷயத்தை எல்லோரும் கவனித்தார்கள். மலர் டீச்சர் முகத்தில் மேக்கப் இல்லை. கன்னத்தில் பரு அப்படியே தெரிந்தது. சுருட்டை முடி, சாதாரணப் புடவை. பஸ் ஸ்டாப்பில் நாம் பார்க்கிற பெண் மாதிரியே இருந்தார்.

அந்தப் படத்துக்கு முன்னால் பருவுக்காக எத்தனையோ கிரீம் பூசியதாகவும், வெளியே போகவே கூச்சப்பட்டதாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தன் முகத்தைப் பெரிய திரையில் பார்த்து ஜனங்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்திருக்கிறார். ஆனால் ஜனங்கள் கை தட்டினார்கள். பரு இருக்கிற பெண்கள் 'எங்களை மாதிரியே ஒருத்தி' என்று சந்தோஷப்பட்டார்கள். அதன் பிறகு வந்த பல படங்களிலும் மேக்கப் இல்லாமல், அல்லது மிகக் குறைவாகப் போட்டுக்கொண்டுதான் நடித்தார்.

2017-ல் தெலுங்கில் 'ஃபிதா'. தெலங்கானா கிராமத்துப் பெண் பானுமதி வேடம். அந்த ஊர்ப் பேச்சுத் தெலுங்கைக் கற்றுக்கொண்டு தன் குரலிலேயே பேசினார். படுக மொழி பேசும் வீட்டில் பிறந்தவர் இப்படிச் செய்தது சாதாரணம் இல்லை. அந்த வேடத்துக்குப் பிலிம்பேர் விருது கிடைத்தது.

2018-ல் 'மாரி 2'. அதில் ஆட்டோ ஓட்டும் பெண். 'ரவுடி பேபி' பாட்டுக்கு நடனம் அமைத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? பிரபுதேவா! அவர் பேரில் நடந்த போட்டியில் ஆடிய சிறுமி, பத்து வருஷம் கழித்து அவர் அமைத்த ஆட்டத்தையே ஆடினார். 2020 நவம்பரில் அந்தப் பாட்டை யூடியூப்பில் பார்த்த எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது.

அந்த 2 கோடி

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

2019-ல் ஒரு செய்தி வந்தது. சிவப்பழகு கிரீம் விளம்பரம் ஒன்றில் நடிக்க சாய் பல்லவியைக் கூப்பிட்டார்கள், 2 கோடி ரூபாய் தருவதாகச் சொன்னார்கள், அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த விளம்பரத்தை மறுத்தது உண்மைதான் என்று அவரும் பேட்டியில் சொன்னார்.

காரணமாக அவர் சொன்னது தன் தங்கையைப் பற்றி. அக்காவை விட நிறம் குறைவு என்று தங்கைக்கு ஒரு ஏக்கம். கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் நிற்கும்போது ஒப்பிட்டுப் பார்ப்பாளாம். காயும் பழமும் சாப்பிட்டால் நிறம் வரும் என்று அக்கா விளையாட்டாகச் சொல்லப்போய், பிடிக்காத காய்கறியை எல்லாம் அவள் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். தன்னைவிடச் சின்னப் பெண்ணின் மனசில் இந்த நிறப் பேச்சு எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அப்போது உறைத்தது என்றார். அவ்வளவு பணத்தை வாங்கி என்ன செய்யப்போகிறேன், வீட்டுக்குப் போனால் சாப்பிடப் போவது அதே சப்பாத்தியும் சோறும்தானே என்றும் கேட்டார். இது நம் நாட்டு நிறம், இதில் மாற்ற என்ன இருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம்.

சகோதரிகளே, நாம் இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த 2 கோடி யாருடைய பணம்?

கம்பெனிக்காரர் பையில் இருந்து வருகிற பணம் இல்லை அது. கிரீம் விற்ற காசில் இருந்து வருவது. ஒரு டியூப் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 கோடி என்பது 2 லட்சம் டியூப்பின் விலை! அந்த 2 லட்சம் டியூப்பையும் வாங்குவது யார்? நாமும் நம் பெண் பிள்ளைகளும்தான். 'நீ கறுப்பு, உனக்கு மாப்பிள்ளை கிடைக்காது, வேலை கிடைக்காது' என்று நமக்கே பயம் காட்டுகிற விளம்பரத்துக்கு நாமே காசு கொடுக்கிறோம்.

நம் குழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒரு குழுவில் 15 பேர். வீட்டுக்கு மாதம் ஒரு டியூப், 100 ரூபாய். மாதம் 1,500 ரூபாய். வருஷத்துக்கு 18,000 ரூபாய்! ஒரு குழு சேமித்து வைத்தால் அவசரத்துக்கு ஒரு உறுப்பினருக்கு உள்கடன் கொடுக்கிற தொகை. அது முகத்தில் பூசிக் கழுவித் தண்ணீரோடு போகிறது.

நம் தோல் ஏன் கறுக்கிறது?

'குளிர் ஊரில் இருந்தும் நாம ஏன் கறுத்துப் போறோம்?' என்று கொழுந்து பறிக்கிற சகோதரிகள் கேட்பார்கள். காரணம் இதுதான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிசாகிறது. அதனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் கீழே சமவெளியில் இருப்பதைவிட இங்கே அதிகமாக மேலே படும். குளிராக இருப்பதால் சூடு தெரியாது. ஆனால் கதிர் தன் வேலையைச் செய்யும்.

அந்தக் கதிரில் இருந்து காப்பாற்றத்தான் நம் உடம்பு தோலில் மெலனின் என்ற கறுப்புப் பொருளைச் சுரக்கிறது. குடை பிடிக்கிற மாதிரி! தோல் கறுப்பது அழுக்கும் இல்லை, நோயும் இல்லை. வெயிலில் உழைக்கிறவர்களுக்கு உடம்பு கொடுக்கிற பாதுகாப்பு அது. இதைக் கிரீம் பூசிக் குறைப்பது, மழையில் நிற்கும்போது குடையைத் தூக்கி எறிகிற மாதிரி.

வேண்டுமானால் வேலைக்குப் போகும்போது தலைத்துணியை முகத்துக்கு நிழல் விழும்படி கட்டுங்கள். முழுக்கை சட்டை போடுங்கள். இதற்குச் செலவு இல்லை.

சில கிரீமில் விஷமும் இருக்கு!

காசு போவது ஒரு பக்கம். உடம்பு போவது இன்னொரு பக்கம். சந்தையிலும் தெரிந்தவர் மூலமாகவும் வருகிற சில கிரீம்களில் இரண்டு ஆபத்தான பொருட்கள் கலந்திருக்கலாம்.

முதலாவது பாதரசம். மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் இரண்டு மூன்று வாரத்தில் முகம் வெளுத்த மாதிரி தெரியும். ஆனால் அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். நமக்குப் பக்கத்தில் மலை இறங்கினால் வருகிற கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். 2023-ல் அது பெரிய செய்தியானது. சிறுநீரில் நுரை, காலிலும் முகத்திலும் வீக்கம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது ஸ்டீராய்டு. இது டாக்டர் எழுதிக் கொடுத்து, சொன்ன நாள் மட்டும் பூச வேண்டிய மருந்து. பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் வரும். இதைத் தினமும் முகத்தில் பூசினால் முதலில் பளபளப்பாக இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவோம். இப்படியே அதற்கு அடிமையாகி விடுவோம்.

நம் குழு ஒன்றில் ஒரு சகோதரிக்கு இது நடந்தது. மகள் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, பெண் பார்க்க வந்தவர்கள் 'கொஞ்சம் நிறம் கம்மி' என்று சொன்னார்கள் என்பதற்காக மகளுக்கு ஒரு கிரீம் வாங்கிக் கொடுத்தார். பேரே சரியாக அச்சடிக்காத டப்பா. முதல் மாதம் எல்லோரும் 'பொண்ணு சிவந்துட்டா' என்றார்கள். இரண்டாம் மாதம் முகம் முழுக்கச் செக்கச் செவேல் என்று எரிச்சல். வெயிலில் தலைகாட்ட முடியவில்லை. கிரீமை நிறுத்தித் தோல் டாக்டரிடம் காட்டி, தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆனது. மருந்துச் செலவுக்குக் குழுவில்தான் கடன் வாங்கினார். 'மக முகத்தை நானே கெடுத்துட்டேனே' என்று கூட்டத்தில் அவர் அழுதபோது எங்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவர் மட்டுமா கெடுத்தார்? 'நிறம் கம்மி' என்று சொன்ன வாய்களும்தான்.

கிரீம் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், காலாவதித் தேதி இருக்கிறதா? இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.
2. மெர்குரி, மெர்குரஸ் க்ளோரைடு, கலோமெல் என்று எழுதியிருந்தால் அது பாதரசம். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.
3. 'ஏழு நாளில் சிவப்பு' என்று சொன்னால் சந்தேகப்படுங்கள்.
4. ஏற்கனவே பூசி எரிச்சலோ வீக்கமோ வந்திருந்தால், டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைத் தோல் டாக்டரிடம் போங்கள். வெட்கப்பட வேண்டாம்.

கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது

விளம்பரத்தில் கறுப்பாக இருப்பவர்களை மட்டமாகக் காட்டக்கூடாது என்று 2014-ல் விளம்பரத் துறையினரின் தர அமைப்பே விதி கொண்டு வந்தது. 1975 முதல் நம் நாட்டில் விற்று வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் 2020-ல் தன் பேரில் இருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. பேர் மாறியது போதுமா என்றால், போதாது. 'பொண்ணு நல்ல சிவப்பா?' என்று நாம் கேட்பதை நிறுத்தினால்தான் முழுசாக மாறும்.

திரையிலும் வலுவான பெண்கள்

விளம்பரத்தை மறுத்ததால் சாய் பல்லவிக்கு வாய்ப்பு குறைந்ததா? இல்லை. 2022-ல் 'கார்கி' வந்தது. தனியார் பள்ளி ஆசிரியை ஒருத்தி. அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கும் அப்பாவை, ஒரு சின்னப் பெண்ணைக் கெடுத்த வழக்கில் போலீஸ் பிடிக்கிறது. 'எங்க அப்பா அப்படிப்பட்டவர் இல்லை' என்று மகள் ஊரையே எதிர்த்துப் போராடுகிறாள். உண்மை தெரியவரும்போது அப்பா என்று பாராமல் குழந்தை பக்கம் நிற்கிறாள். நம் வீடுகளிலும் இப்படி ஒன்று நடந்தால் 'குடும்ப மானம்' என்று மூடி மறைக்கிறோம். குழந்தைகளுக்காக 1098 என்ற இலவச எண் இருக்கிறது. பெண்களுக்கு 181. இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். 'கார்கி' படத்துக்காகவும் அவருக்குப் பிலிம்பேர் விருது கிடைத்தது.

2024-ல் 'அமரன்'. காஷ்மீரில் 2014-ல் உயிர் கொடுத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் மனைவி இந்துவாக நடித்தார். குன்னூர் வெலிங்டனில் ராணுவ முகாமைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பட்டாளத்துக்குப் போனவர் திரும்பி வரும்வரை வீட்டுப் பெண் எப்படி இருப்பாள் என்று நமக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து அழாத வீடு குறைவு.

தமிழ்நாடு அரசு 2025-ல் அறிவித்த கலைமாமணி விருதுகளில், 2021-ஆம் ஆண்டுக்கான பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. இந்தியில் எடுக்கப்படும் ராமாயணப் படத்தில் சீதையாக நடிப்பவரும் அவர்தான்.

நாம் என்ன செய்யலாம்?

'அவங்களுக்கு என்ன, நடிகை. கோடியை வேண்டாம்னு சொல்லலாம். நம்மால முடியுமா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். நம்மிடம் யாரும் 2 கோடியோடு வரப்போவதில்லை. ஆனால் மாதம் 100 ரூபாய்க்கு வேண்டாம் என்று சொல்லுகிற இடம் நமக்கும் இருக்கிறது. மருமகளைப் பார்க்கப் போகும்போது நிறம் கேட்காமல் இருக்கிற இடமும் இருக்கிறது. அது நம் கையில்.

அடுத்த குழுக் கூட்டத்தில், சேமிப்பும் கடன் தவணையும் வாங்கி முடித்த பிறகு, பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் பேசுங்கள்:

• நம் வீட்டில் எந்தக் கிரீம் இருக்கிறது? டப்பாவைக் கொண்டு வந்து எல்லோரும் சேர்ந்து படிப்போம்.
• நம் பெண் பிள்ளைகளை 'கறுப்பி' என்று கூப்பிடுகிறோமா? விளையாட்டுக்குத்தான் என்றாலும் அவள் மனசில் எப்படி இருக்கும்?
• கிரீமுக்குப் போகிற காசை ஒரு வருஷம் தனியாகச் சேமித்தால் நம் குழுவில் எவ்வளவு சேரும்? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

ஒரு குழு இதைச் செய்து பார்த்து எவ்வளவு சேர்ந்தது என்று நமக்கு எழுதினால், அதை இதே செய்தி மடலில் போடுவோம். அடுத்த மாதக் கூட்டத்தில் சந்திப்போம்.